குமானோவுக்கு மூன்று பேர்

பூங்கோதைக்கு ஐம்பத்தொரு வயது. ராமநாதபுரத்தில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். இருபத்தாறு வருஷமாக அவள் கை வரைந்ததெல்லாம் தட்டையான நிலம்தான். கண்மாய், வரப்பு, ஊருணி, உப்பளம், கருவேலங்காடு. அந்தச் சீமையில் மேடு என்று எதையாவது காட்ட வேண்டுமானால் கண்மாய்க்கரையைத்தான் காட்ட வேண்டும். அப்படிப்பட்டவள் நான்கு வருஷமாக, அலுவலகம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் டிரேசிங் ஷீட்டை விரித்துவைத்து ஒரு மலைப்பாதையை வரைந்துகொண்டிருந்தாள்.

பாதை ஜப்பானில் இருந்தது. குமானோ என்கிற மலைகளுக்கு நடுவே மூன்று பெரிய கோயில்கள். ஆயிரம் வருஷமாக அரசர்களும் குடியானவர்களும் அந்தக் கோயில்களுக்குக் காட்டு வழியே நடந்து போயிருக்கிறார்கள். இப்போதும் போகிறார்கள். தகிஜிரி என்ற இடத்தில் ஏறத் தொடங்கினால் ஐந்தாம் நாள் நாச்சி என்ற பெரிய அருவிக்குப் பக்கத்துக் கோயிலில் இறங்கலாம். வழியெல்லாம் பாசி பிடித்த கல்படிகள், வானத்தை மறைக்கிற மரங்கள், சின்னச் சின்ன சன்னதிகள். ஒவ்வொரு சன்னதியிலும் ஒரு முத்திரை வைத்திருப்பார்கள். நடப்பவர்கள் அதைத் தங்கள் புத்தகத்தில் தாங்களே குத்திக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பூங்கோதைக்கு எப்படித் தெரியும் என்றால், நாகலெட்சுமியால்.

நாகலெட்சுமி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். பூங்கோதையோடு பத்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். நான்கு வருஷத்துக்கு முன்பு அவள் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபடியே விழுந்து இறந்துபோனார். மகள் மதுமதி கோயம்புத்தூரில் புதிதாகக் கல்யாணமாகிப் போயிருந்தாள். நாகலெட்சுமி வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பூங்கோதை தினமும் விடிந்ததும் போய் அவளை எழுப்பி, செருப்பை எடுத்துப் போட்டு, கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப் போனாள். முதல் இரண்டு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல்தான் நடந்தார்கள். ஒருநாள் நடந்து களைத்து உட்கார்ந்திருந்தபோது பூங்கோதை தன் போனில் ஏதோ வீடியோ ஓடவிட்டாள். மழையில் நனைந்த காடு. இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு கல்படியில் ஏறிப் போனார்கள். நாகலெட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன போயி நடக்கணும்டி" என்றாள்.

அவள் தானாக எதையாவது வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான். பூங்கோதை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து எல்லாம் அந்த நடைக்காகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை வரை, தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை நடந்தார்கள். ஏற்றம் பழக இந்த ஊரில் இடம் ஏது? கண் ஆஸ்பத்திரியின் நான்கு மாடிப் படிகளை ஒரே மூச்சில் ஆறு தடவை ஏறி இறங்கினார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு முதுகு வரை ஏறி அந்தப் பக்கம் அக்காள்மடத்தில் டீ குடித்தார்கள். சம உயரக் கோடுகளை எப்படி வரைவது என்பதை பூங்கோதை ஐம்பது வயதை நெருங்கும்போது புதிதாகக் கற்றுக்கொண்டாள். அவள் வரைந்த படத்தில் ஒவ்வொரு ஏற்றமும் மீட்டர் கணக்கோடு இருந்தது. கொகுச்சி என்ற பள்ளத்தாக்குக் கிராமத்துக்குப் பிறகு வரும் கடைசி நாள் ஏற்றத்துக்கு, உடம்பை அறுக்கும் ஏற்றம் என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள். அவள் கணவன் பாண்டீஸ்வரன், தாலுகா ஆபீஸில் கூட இவ்வளவு சுத்தமான படம் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த நவம்பரில் போவது என்று முடிவானது. அப்போதுதான் மஜீதா வந்தாள்.

மஜீதா கீழக்கரைக்காரி. நாற்பத்தைந்து வயது. கணவர் அகமது கபீருக்கு ரத்தினக்கல் வியாபாரம். கோபே நகரத்தில் பதினோரு வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு, தொழில் படுத்ததும் மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு துபாய்க்குப் போயிருந்தார். அவள் தன் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் நான்கு நாள் தங்கியிருந்தாள். நாகலெட்சுமியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஜப்பானிய எழுத்து எழுதிய ஒரு அட்டை இருந்தது. 'குளியலறை எங்கே?' என்ற வாக்கியம். பூங்கோதை எழுதிக் கொடுத்தது. மஜீதா அதை வாய்விட்டுப் படித்தாள். ஆரம்பம் இவ்வளவுதான்.

"இந்த ஞாயித்துக்கெழம ஒருத்தங்க கூட வாராங்கடி" என்று நாகலெட்சுமி சொன்னபோது பூங்கோதை சரி என்றாள். ஒருநாள் நடைக்கு வருகிறாள், வரட்டுமே என்று நினைத்தாள்.

மஜீதா தானே கார் ஓட்டிக்கொண்டு திருப்புல்லாணிக்கு வந்தாள். கறுப்பு அங்கிக்குக் கீழே நல்ல மலையேற்ற ஷூ. பூங்கோதை கடைகளில் தேடி அலைந்து கிடைக்காத அதே மாதிரி. நடந்துகொண்டே அவள் ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். நான்கு வருஷமாக பூங்கோதை சொல்லிவந்த பெயர்கள்தான். ஆனால் அவள் வாயில் அவை வேறு மாதிரி இருந்தன. பூங்கோதை சொன்னது அத்தனையும் தப்பு உச்சரிப்பு என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லாமலே தெரிந்தது. சேதுக்கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தபோது நாகலெட்சுமி, "படத்த எடுடி, காட்டுவோம்" என்றாள். பூங்கோதைக்கு எடுக்க மனமில்லை. எடுத்தாள்.

மஜீதா அதை வெகுநேரம் பார்த்தாள். மாஷா அல்லா, கையாலயா வரைஞ்சீங்க என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கன மல சரிஞ்சு பழைய பாதைய அடைச்சிருந்தாங்கக்கா. சுத்திப் போகச் சொல்லி போர்டு இருக்கும்" என்றாள்.

"ஐயோ, நல்ல வேள சொன்னீங்க" என்று நாகலெட்சுமி அவள் கையைத் தொட்டாள்.

பூங்கோதை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இன்டர்நெட்டில் தேடினாள். மஜீதா சொன்னது சரியாக இருந்தது. டிரேசிங் ஷீட்டில் மையை அழிக்க பிளேடால்தான் சுரண்ட வேண்டும். சுரண்டினாள். சுரண்டிய இடம் வெளுத்து, தனியாகத் தெரிந்தது.

அதன் பிறகு எந்த ஞாயிறும் இருவருக்கான ஞாயிறாக இல்லை. கார் வந்துவிட்டதால் பஸ் போய்விட்டது. பஸ்ஸில் ஒரே சீட்டில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து போனவர்களில் ஒருத்தி இப்போது முன் சீட்டில் உட்கார்ந்தாள், மற்றவள் பின் சீட்டில். முன் சீட்டில் பேசுவது பின்னால் பாதிதான் கேட்கும். பூங்கோதை 'என்ன?' என்று இரண்டு தடவை கேட்பாள், மூன்றாவது தடவை ஜன்னலைப் பார்ப்பாள். மஜீதா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். நாகலெட்சுமி அதில் காலையில் ஜப்பானிய மொழியில் வணக்கம் போட்டாள். ஒருநாள் மஜீதா கொடுத்தனுப்பிய வட்டலப்பம் என்கிற முட்டை இனிப்பை நாகலெட்சுமி டப்பாவில் பாதி எடுத்து பூங்கோதைக்குக் கொண்டுவந்து தந்தாள். அவள் போனதும் கொட்டிவிடலாம் என்று எடுத்த பூங்கோதை, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, மொத்தத்தையும் தின்று முடித்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்து மஜீதா மேல் கோபம் வந்தது.

மார்ச் மாதம் நாகலெட்சுமி கேட்டாள், மஜீதாவும் குமானோவுக்கு வரட்டுமா என்று. கேட்டதா, சொன்னதா என்று பூங்கோதையால் பிரிக்க முடியவில்லை. மொழி தெரிந்தவர் கூட இருந்தால் எவ்வளவு நல்லது என்று நாகலெட்சுமி அடுக்கிக்கொண்டே போனாள். இல்லை என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்காமல் பூங்கோதை தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரனிடம் இதைச் சொன்னாள். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன்னய விட்டுட்டு அவுக ரெண்டு பேரும் ஓடியா போகப் போறாக?" என்று கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். அவள் அந்த வாரம் முழுக்க அவனோடு சரியாகப் பேசவில்லை.

மே மாதம் தங்குமிடங்களுக்கு எழுதிப் போடுகிற வேலை. அது பூங்கோதையின் பொறுப்பு. அந்த மலையில் பெரிய ஓட்டல் கிடையாது. வீடுகளிலேயே நான்கைந்து அறைகளை ஒதுக்கி, பாய் விரித்து, சாப்பாடும் போடுவார்கள். முன்கூட்டியே பதியாவிட்டால் இடமில்லை. நான்கு ஊர்களுக்கு மூன்று பேர் என்று எழுதி இடம் வாங்கிவிட்டாள். ஐந்தாவது கொகுச்சி. அங்கே மொத்தமே இரண்டு மூன்று வீடுகள். மற்றவை நிரம்பிவிட்டன என்று பதில் வந்தது. ஒரு வயதான தம்பதியின் வீடு மட்டும் பாக்கி. கொகுச்சியில் தங்காமல் அந்தக் கடைசி ஏற்றத்தை ஏற முடியாது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. எல்லோரும் டிபன் பாக்ஸோடு பின்கட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் அந்த வீட்டுக்கு மெயில் அடித்தாள். எத்தனை பேர் என்ற இடத்தில் வந்து நின்றாள். முன் யோசனை எதுவும் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. இரண்டு என்று அடித்தாள். அனுப்பிவிட்டு, தயிர்சாதத்தைத் திறந்து சாப்பிட்டாள். மறுநாள் பதில் வந்தது: இரண்டு பேருக்கு இடம் உண்டு, மகிழ்ச்சியோடு காத்திருக்கிறோம். அதையே அவள் குழுவில் போட்டாள், கொஞ்சம் மாற்றி: 'கொகுச்சியில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறதாம். வேறு வீடு எதுவும் இல்லை.'

மஜீதா தானாகவே, பரவாயில்லக்கா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்று சொல்லிவிடுவாள் என்று பூங்கோதை நம்பினாள். அவள் நல்லவள் என்பதுதான் பூங்கோதையின் கணக்கு.

ஆனால் மஜீதா அந்த சனிக்கிழமையே நாகலெட்சுமியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். எதற்கும் ஒரு போன் போட்டுக் கேட்போமே, வயசானவங்க, மெயிலைவிட பேசினா மனசு இளகும் என்றாள். பூங்கோதை வேண்டாம் என்று சொல்வதற்குள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். நாகலெட்சுமி ஆர்வத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுமுனையில் ஒரு வயதான பெண்ணின் குரல். மஜீதா குழைவாகப் பேசினாள். போனுக்கே தலை குனிந்து வணங்கினாள். நாகலெட்சுமிக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பூங்கோதைக்கும் மொழி தெரியாது. ஆனால் நான்கு வருஷத்தில் எண்களும் ஆட்களை எண்ணும் சொற்களும் மனப்பாடம் ஆகியிருந்தன. அந்த அம்மாள், "பூங்கோதாய்-சான்" என்றாள். அடுத்து "மேரு" என்றாள். மெயிலை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்து "ஃபுதாரி" என்றாள். இரண்டு பேர். குரலில் ஆச்சரியம் இருந்தது. மீண்டும் ஒரு தடவை, "ஃபுதாரி" என்றாள்.

மஜீதா போனைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தாள். நிமிர்ந்து பூங்கோதையைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். பிறகு சிரித்த குரலில் ஏதோ சொல்லி, "சன்னின்" என்றாள். மூன்று பேர். மறுமுனை ஹாய், ஹாய் என்று ஒப்புக்கொண்டது.

போனை வைத்துவிட்டு மஜீதா நாகலெட்சுமியிடம் திரும்பினாள். "கெடச்சிருச்சு. யாரோ ஒருத்தவங்க வரலைன்னு சொல்லிட்டாங்களாம்."

நாகலெட்சுமி கை தட்டினாள். காபி போட உள்ளே போனாள். கூடத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.  மஜீதா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.  தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று பூங்கோதைக்குத் தோன்றியது. இப்போது அவள் மஜீதாவிடம் கடன்பட்டவள்.

ஜூனில் ஒரு ஞாயிறு நாகலெட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நடை ரத்தாகும் என்று பூங்கோதை நினைத்தாள். மஜீதா வழக்கம்போல் வந்து நின்றாள். இருவரும் பாம்பன் பாலத்தில் ஏறினார்கள். தென்மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. கீழே ஒரு விசைப்படகு பாலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. பாலத்தின் உச்சிக்கு வந்தார்கள்.

"அன்னிக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று பூங்கோதை கேட்டாள்.

"உங்களுக்குத்தான் புரிஞ்சிருச்சேக்கா."

"பின்ன ஏன் நாகலெட்சுமிட்ட சொல்லல?"

மஜீதா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொன்னா என்ன ஆகும்? நீங்க ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. பத்து நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க, அப்புறம் சேந்துக்கிருவீங்க. நான்தான் வெளிய நிப்பேன்." காற்றில் பறந்த முக்காட்டை இழுத்துச் செருகினாள். "என்னைய ரொம்ப நல்லவன்னு நெனச்சுக்கிறாதீங்க. எனக்கு அந்த மலைக்குப் போகணும். பதினோரு வருஷம், மூணு மணி நேர ரயில் தூரத்துல இருந்தேன். இன்னிக்கு கூட்டிட்டுப் போறேன், நாளைக்கு கூட்டிட்டுப் போறேன்னே அவுக சொல்லிக்கிட்டு இருந்தாக. போர்டு படத்தையும் பாத படத்தையும் போன்ல பாத்ததோட சரி. அங்க கும்புட எனக்கு ஒண்ணும் இல்ல. நடக்கணும், அவ்வளவுதான். கோவம் எனக்கும் வந்துச்சு. அன்னிக்கு காரை பாதி வழில நிப்பாட்டிட்டு அழுதேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பூங்கோதைக்கும் அது தெரிந்தது. ஆனால் "காத்து ஜாஸ்தியா இருக்கு, எறங்குவோம்" என்றாள். இருவரும் அக்காள்மடம் வரை நடந்து டீ குடித்தார்கள். டீக்கு மஜீதாதான் காசு கொடுத்தாள்.

அதன் பிறகு பூங்கோதை முயன்று பார்த்தாள். முன் சீட்டைப் பற்றி நினைக்காமலிருக்கப் பழகினாள். உச்சரிப்பைக் கேட்டுத் திருத்திக்கொண்டாள். கொஞ்சம் ஆறிவிட்டது என்றுகூட நினைத்தாள். ஜூலையில் ஒருநாள் மஜீதா பேச்சுவாக்கில், மதுமதிக்கு வாந்தி நின்னுருச்சாமா என்று கேட்டாள். பூங்கோதைக்குப் புரியவில்லை. மஜீதாவுக்குச் சட்டென்று முகம் மாறியது. மதுமதி உண்டாகியிருக்கிறாள். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம். மஜீதாவின் காரில் வரும்போது போன் வந்ததால் அவளுக்குத் தெரிந்துபோனது. மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம் என்று நாகலெட்சுமி இருந்திருக்கிறாள்.

எல்லாருக்கும். அந்த எல்லாரில் தானும் ஒருத்தி. மதுமதிக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது ரிப்பன் கட்டிவிட்டது பூங்கோதை. அன்று வீட்டில் இட்லிக்கு மாவு கரைக்கும்போது பாத்திரத்தை அவள் வைத்த சத்தத்தில் பாண்டீஸ்வரன் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து செய்தி வந்தது. டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார். பிரசவம் வரை மதுமதி படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. நாகலெட்சுமி நீண்ட விடுப்பு போட்டாள். அதைச் சொல்ல அவள் பூங்கோதையின் வீட்டுக்குத் தனியாக வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் தனியாக வந்தது அப்போதுதான்.

"நான் வரலடி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

பூங்கோதைக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அதை அவள் பிற்பாடு பல தடவை நினைத்து வெட்கப்பட்டாள். முதலில் வந்தது ஒரு நிம்மதி. நடை இல்லை என்றால் மஜீதாவுக்கும் இல்லை. அந்த நிம்மதியின் வேகத்திலேயே, "அவகூட நான் எப்படிப் போவேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நாகலெட்சுமி கேட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மெயிலில் இரண்டு என்று அடித்தது, போனில் அந்த அம்மாள் சொன்னது, மஜீதா மறைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மேஜையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

நாகலெட்சுமி கத்தவில்லை. "ஏன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் போறதுக்குத்தானே வரைஞ்சேன்."

"அவரு போனப்ப நீ என்னய கையப் பிடிச்சு நடத்துனே. இல்லேன்னா நான் அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டே செத்திருப்பேன். அது எனக்கு மறக்காது" என்றாள் நாகலெட்சுமி. "அதுக்காக நான் வேற யாரு கையையும் பிடிக்கக் கூடாதா? எனக்குச் சிரிக்கணும் போல இருந்துச்சு பூங்கோதை. நீ என்னய இன்னமும் சீக்காளியாத்தான் பாக்குற. வெயில்ல போகாத, மாத்திரை போட்டியா, மெல்ல ஏறு. அவளுக்கு என்னோட பழைய கதை எதுவும் தெரியாது. அவகூட இருந்தா நான் சும்மா ஒரு பொம்பள, அவ்வளவுதான்."

 நாகலெட்சுமி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, மதுமதியைப் பார்க்க ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று சொன்னாள். கோபத்தில் சொன்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

செப்டம்பரில் ஒரு நாள் மஜீதா அலுவலகத்துக்கே வந்தாள். பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு உள்ளே வந்தாள். இந்த முறை பேச்சில் குழைவு இல்லை.

"நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். துபாய்ல இருக்க அவுகளுக்கும் சொல்லியாச்சு. தனியாத்தான் போகணும்னாலும் போவேன்" என்றாள். "நீங்க வரலேன்னா அந்தப் படத்த எனக்குக் குடுங்க. நகல் எடுத்துக்கிட்டுத் திருப்பித் தந்துர்றேன். கடையில விக்கிற படத்துல எங்கன மூச்சு வாங்கும்னு போடல. நீங்க போட்டிருக்கீங்க."

பூங்கோதை அவளைப் பார்த்தாள். தன் கையெழுத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தான் மீட்டர் மீட்டராக அளந்த ஏற்றத்தில் இவள் ஏறிப் போவாள். மரங்களுக்கு அடியில் நிற்பாள். ஒவ்வொரு சன்னதியிலும் முத்திரை குத்திக்கொள்வாள். திரும்பி வந்து நாகலெட்சுமியிடம் உட்கார்ந்து அத்தனையும் சொல்வாள். இங்கே மேஜையில் ஏதோ ஊரின் உப்பளப் படம் பாதி வரைந்தபடி கிடக்கும்.

"படத்த யாருக்கும் குடுக்க முடியாது" என்றாள் பூங்கோதை. "நானும் வாரேன்."

நல்ல மனசினால் எடுத்த முடிவு இல்லை அது. பொறாமையால் எடுத்தது. மஜீதா போய், தான் போகாமலிருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மஜீதாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "அப்ப விசாவுக்கு அடுத்த வாரம் சென்னைக்குப் போகணும்" என்றாள். கொஞ்சம் நின்றாள். "அக்கா, மெயில் விஷயத்துக்கு நீங்க எங்கிட்ட இன்னும் மன்னிப்பு கேக்கல."

பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பூங்கோதை பேனாவை மூடினாள், திறந்தாள். "தப்புத்தான்" என்றாள். "மன்னிச்சுக்க." முதல் தடவையாக அவளை ஒருமையில் சொல்லியிருந்தாள், சொன்ன பிறகுதான் கவனித்தாள். மஜீதா சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.

நவம்பரில் போனார்கள். விமானத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முதல் நாள் ஏற்றம் பூங்கோதை நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தது. மரங்கள் நினைத்ததைவிட உயரம். இரண்டாம் நாள் மழை. ஓர் இறக்கத்தில் பாசியில் கால் வழுக்கி பூங்கோதை சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட வந்த மஜீதாவும் சறுக்கி அவள் மடிமேலேயே விழுந்தாள். எழ முயன்று மறுபடி இருவரும் விழுந்தார்கள். பிறகு எழ முயலவே இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அந்த வழியாக வந்த ஒரு ஜப்பானியப் பெரியவர் நின்று, தொப்பியைக் கழற்றி, இருவருக்கும் முறையாக வணக்கம் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அவர் மறைந்த பிறகும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் சிகாத்சுயு என்ற ஊரில், தங்கிய வீட்டில் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு நாகலெட்சுமிக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரில் அப்போது மதியம். மதுமதி பின்னால் கட்டிலில் படுத்திருந்தது தெரிந்தது. இருவரும் மாறி மாறிக் கதையைச் சொன்னார்கள். ஒருத்தி தொடங்கியதை மற்றவள் முடித்தாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிய இடம் வந்ததும் மறுபடியும் சிரிப்பு வந்து மஜீதாவால் சொல்ல முடியவில்லை; பூங்கோதையாலும் முடியவில்லை.

நாகலெட்சுமி புன்னகைத்தாள். "நல்லா சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். திரும்பி மகளின் தலையணையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த தலையணை. "சரி, நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் வைக்கிறேன்."

திரை அணைந்தது. மஜீதா எதையும் கவனிக்கவில்லை. பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரலை அவள் தன் தொண்டையிலேயே பல மாதம் வைத்திருந்தவள். ஒரு நொடி அவளுக்கு இனித்தது. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மஜீதாவை முதலில் குளிக்கப் போகச் சொன்னாள். அவள் போனதும் பூங்கோதை தனியாக நாகலெட்சுமிக்கு மறுபடி கூப்பிட்டாள். நடையைப் பற்றிப் பேசவில்லை. மதுமதிக்குக் கால் வீக்கம் எப்படியிருக்கிறது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள், ராமநாதபுரத்து வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர்த்தொட்டியை யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மதுமதி கட்டிலிலிருந்தே, பெரியம்மா, எனக்கு அங்கிருந்து என்ன வாங்கிட்டு வாரீங்க என்று கத்தினாள். அரைமணி நேரம் போனது. நாகலெட்சுமியின் குரல் பழைய குரலாக வந்தது.

வைப்பதற்கு முன்னால் நாகலெட்சுமி கேட்டாள், "அவ நல்லா நடக்குறாளா?"

"என்னய விட நல்லா நடக்குறா" என்றாள் பூங்கோதை. அது உண்மை. சொன்ன பிறகு எங்கோ சுருக்கென்றது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.